எல்லாம் வல்லவன் என்றால் எதுவரை?

கடவுளின் ஆற்றலுக்கு அளவு உண்டா என்று கேட்டு, கொங்குப் பகுதி வாசகர்கள் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கோபிசெட்டிபாளையம், தமிழாசிரியர் ஒருவர்: ஒன்பதாவது குறளில் வரும் ‘எண்குணத்தான்’ என்ற சொல்லுக்கு விளக்கம் தேடும்போது ‘எல்லாம் வல்லவன்’ என்ற குணம் நேரடியாகக் கிடைக்கவில்லை. அது எட்டில் எது?

பரிமேலழகர் தரும் வரிசையில் ஏழாவது. தன்வயத்தனாதல், தூய உடம்பினனாதல், இயற்கை உணர்வினனாதல், முற்றும் உணர்தல், இயல்பாகவே பாசங்களின் நீங்குதல், பேரருள் உடைமை, முடிவில் ஆற்றல் உடைமை, வரம்பில் இன்பம் உடைமை. இவை சைவாகமத்தில் கூறப்பட்டவை என்று அவரே சொல்கிறார். அணிமா முதலிய எட்டு என்றும், கடையிலா அறிவை முதலாக உடைய எட்டு என்றும் உரைப்பார் உண்டு என்பதையும் அங்கேயே குறித்துவிடுகிறார். ஆகவே சைவ விளக்கம் ஒன்றுதான் சரி என்று வகுப்பில் சொல்லிவிட வேண்டாம்.

சொல்லை உற்றுப் பாருங்கள். ‘முடிவில் ஆற்றல்’ என்றால் தீர்ந்துபோகாத ஆற்றல். ‘எதை வேண்டுமானாலும் செய்வான்’ என்பது வேறு செய்தி. வற்றாத கிணறு என்று சொன்னால் அதில் பால் ஊறும் என்று பொருளில்லை. கிரேக்கத்திலும் இதே கதைதான். தமிழ் பைபிளில் ஆதியாகமம் 17:1 ‘சர்வவல்லமையுள்ள தேவன்’ என்கிறது. இந்த வல்லமைப் பெயருக்குக் கிரேக்கத்தில் வழங்கிய ‘பாந்தோக்ராத்தோர்’ என்ற சொல்லின் பொருள் ‘அனைத்தையும் ஆள்பவர்’. அது லத்தீனில் ‘ஓம்னிபொத்தென்ஸ்’ ஆனபோதுதான் ‘எல்லாம் செய்ய வல்லவர்’ என்ற பக்கம் சாய்ந்தது. ஆள்வது வேறு, எதையும் செய்வது வேறு. கீழே வரும் சண்டைகளில் பாதி இந்த இரண்டையும் ஒன்றாக்கியதால் வந்தவை.

காங்கேயம் வாசகர்: கல்லூரியில் படிக்கும் மகன், ‘தன்னாலேயே தூக்க முடியாத கல்லைக் கடவுளால் உண்டாக்க முடியுமா?’ என்று கேட்டு மடக்குகிறான். முடியும் என்றாலும் தோற்கிறோம், முடியாது என்றாலும் தோற்கிறோம். என்னதானுங்க பதில்?

நம் தருக்க நூல்களில் இல்லாத பொருளுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் அடிக்கடி வரும்: முயற்கொம்பு, மலடி மகன். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவது தவறு. முயலுக்குக் கொம்பு இல்லை, அவ்வளவுதான். முளைத்தால் அதில் முரண் ஏதும் கிடையாது. எல்லாம் வல்ல ஒருவர் நினைத்தால் முளைக்கட்டும். மலடி மகன் அப்படியல்ல. மகன் பிறந்த கணமே அவள் மலடி அல்லள். ஒரு சொல் மற்றச் சொல்லை அழித்துவிடுவதால் அங்கே செய்வதற்கென்று ஒரு வேலையே மிஞ்சுவதில்லை.

இனிக் கல்லுக்கு வாருங்கள். கல்குழியில் வேலை செய்பவர் தன்னால் தூக்க முடியாத கல்லைத் தினமும் வெட்டி எடுக்கிறார். அவருடைய பலத்துக்கு அளவு இருப்பதால் அதில் முரண் இல்லை. அதே சொற்றொடரை அளவில்லா ஆற்றல் உடையவர்மேல் ஏற்றினால், ‘எதையும் தூக்க வல்லவரால் தூக்க முடியாத கல்’ என்று ஆகிறது. அது மலடி மகன். 13ஆம் நூற்றாண்டில் கிறித்தவ இறையியலார் தாமஸ் அக்குவினாஸ், இப்படிப்பட்டவற்றைக் ‘கடவுளால் செய்ய முடியாது’ என்பதைவிட ‘செய்யப்படக்கூடியவை அல்ல’ என்பதே பொருத்தம் என்று எழுதினார். 1963இல் ஜார்ஜ் மாவ்ரோட்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர் அந்த வழியைக் கல் புதிருக்குப் பொருத்திக் காட்டினார்.

பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் இதை ஏற்கமாட்டார். 1630இல் எழுதிய கடிதங்களில், கணித உண்மைகளைக்கூடக் கடவுள்தான் ஏற்படுத்தினார் என்றார். அப்படியானால் முரணும் அவருக்குத் தடையில்லை என்று ஆகும். அந்தக் கட்சியை எடுத்தாலும் மகனின் பொறி மூடாது. 1964இல் ஹாரி ஃபிராங்க்ஃபர்ட் காட்டியது இதுதான்: முரணானதைச் செய்ய வல்லவர் தூக்க முடியாத கல்லைப் படைப்பார், படைத்த பிறகு அதைத் தூக்கவும் செய்வார். ஒரு முரணுக்கு இடம் கொடுத்தவர் இரண்டாவதற்கு மறுக்க முடியாது.

மகனுக்கு இன்னும் ஒரு நல்ல ஆயுதம் இருக்கிறது. ‘எல்லாம் என்ற சொல்லைச் சுருக்கிவிட்டீர்களே’ என்று கேட்கலாம். அதை மறுக்காதீர்கள். ஆமாம், ‘எல்லாம்’ என்றால் செய்யத்தக்க எல்லாம் என்றே பொருள் கொள்கிறோம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். எபிரெயர் 6:18 கடவுள் பொய்யுரையாதவர் என்கிறது. பொய் சொல்ல முடிவது ஓர் ஆற்றலா, ஆற்றல் குறைவா என்று 11ஆம் நூற்றாண்டிலேயே கிறித்தவ அறிஞர் ஆன்செல்ம் கேட்டார். பொய் சொல்ல நேர்வதும் கெட்டுப்போவதும் பலவீனத்தின் பெயர்கள் என்பது அவர் முடிவு. எங்களுக்கு அது சரியாகவே படுகிறது.

கோவை கோட்டைமேடு வாசகர்: நெருப்பு பஞ்சைச் சுடுவது நெருப்பின் இயல்பா, அல்லாஹ்வின் செயலா? இதில் பழைய அறிஞர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு என்கிறார்களே?

வேறுபாடு உண்டு. உதாரணமே பஞ்சுதான் என்பது பருத்தி அரைக்கும் ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் நெருக்கம். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தத்துவவாதிகளை மறுத்து எழுதிய நூலின் 17ஆவது விவாதத்தில் இதை எடுத்துக்கொள்கிறார். நெருப்புத் தொட்டபோது பஞ்சு எரிந்ததைத்தான் கண்ணால் பார்த்தோம், தொட்டதால்தான் எரிந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை என்பது அவர் வாதம். எரிப்பவன் இறைவன், நெருப்பு அவன் வழக்கமாக எரிக்கும் இடம். 1198இல் மறைந்த இப்னு ருஷ்த் இதற்கு மறுப்பு எழுதினார்: பொருளுக்கு இயல்பே கிடையாது என்றால், பொருளுக்குப் பொருள் வேறு என்று சொல்லவும் வழியில்லை, அறிவு என்ற ஒன்றும் நிற்காது.

கஸ்ஸாலியின் கட்சியைச் சிலர், எதுவும் எப்படியும் நடக்கலாம் என்று புரிந்துகொள்கிறார்கள். அது பிழை. இறைவன் தன் வழக்கத்தை நிலையாக நடத்துகிறான், அந்த வழக்கத்தை அறியும் அறிவையும் நமக்குத் தருகிறான் என்பதையும் சேர்த்தே அவர் சொல்கிறார். பஞ்சாலையில் தீயணைக்க மணல் வாளி மாட்டிவைப்பதற்கும் இந்தக் கொள்கைக்கும் மோதல் கிடையாது. முரணானது ஆற்றலின் எல்லைக்குள் வராது என்பதும் அதே விவாதத்தில் இருக்கிறது. மதரஸாக்களில் அகீதா என்ற நம்பிக்கைக் கோட்பாட்டுப் பாடத்தில் வரும் வாஜிப், முஸ்தஹீல், ஜாயிஸ் என்ற மூன்றையும் நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். இருந்தே ஆக வேண்டியது, இருக்கவே முடியாதது, இருக்கவும் இல்லாமலிருக்கவும் கூடியது. குத்ரத், அதாவது இறைவனின் ஆற்றல், தொடுவது மூன்றாவதை மட்டும். காங்கேயத்து வாசகரின் கல் முஸ்தஹீல் பட்டியலில் சேரும்.

பெருந்துறை வாசகர்: எல்லாம் வினைப்படிதான் என்றால் வினை கடவுளைவிடப் பெரியதாகிவிடுகிறது. கடவுள் வினையை மாற்றுவார் என்றால் வினைக்கு அர்த்தமில்லை. சைவ சித்தாந்தம் இதில் எந்தப் பக்கம்?

உங்கள் வட்டாரத்திலிருந்தே இதற்கு நேரான ஒரு மறுபதிலைத் தொடங்கலாம். விசயமங்கலத்தில் சமணக் கோயில் நிற்கிறது. நன்னூல் செய்த பவணந்தி முனிவருக்குச் சொந்த ஊராகச் சொல்லப்படுவது சீனாபுரம். அவர்கள் மரபில் உலகைப் படைத்தவர் என்று யாரும் இல்லை. ‘பூமலி அசோகின் புனைநிழல் அமர்ந்த நான்முகன்’ என்று பவணந்தியார் தொழுவது வென்று கடந்த அருகரை, படைத்தவரை அல்ல. வினை அவர்களுக்கு நுண்ணிய பொருள். உயிரில் தூசிபோல ஒட்டும், பழுக்கும், உதிரும். பலன் கொடுக்க இன்னொருவர் வேண்டியதில்லை. வேதச் சடங்குகளை முதன்மையாகக் கொண்ட மீமாம்சகரும் செயலே பலன் தரும் என்றவர்கள்.

சித்தாந்தம் இங்கேதான் குறுக்கிடுகிறது. வினை சடம். தன்னைச் செய்தவர் யார், எந்தப் பிறவியில், எந்த உடம்பில் பலனைக் கொடுக்க வேண்டும் என்று அதற்குத் தெரியாது. சேர்த்துவைக்க அறிவுள்ள ஒருவன் வேண்டும். சிவஞான போதத்தின் இரண்டாம் சூத்திரம் ‘இருவினையின் போக்கு வரவு புரிய ஆணையின் நீக்கமின்றி நிற்கும்’ என்று சொல்வது இதை. ஆணை என்பது அவனுடைய சத்தி. கணக்கு உயிருக்கு உரியது, கணக்கை நடத்துபவன் இறைவன். சட்டப்படி தீர்ப்பு எழுதும் நீதிபதியைச் சட்டத்தின் அடிமை என்று யாரும் சொல்வதில்லை.

வேதாந்தத்திலும் இதே கேள்வி எழுந்தது. ஒருவனை ஏழையாகவும் ஒருவனைச் செல்வனாகவும் படைத்தால் இறைவனுக்கு ஓரவஞ்சனையும் கொடுமையும் வந்து சேராதா என்று பிரம்ம சூத்திரம் 2.1.34 எடுத்துக்கொள்கிறது. வினையை நோக்கியே செய்வதால் சேராது என்பது விடை. சங்கரர் அங்கே மழையைக் காட்டுகிறார். மழை எல்லாப் பயிருக்கும் பொது, நெல் நெல்லாகவும் யவம் யவமாகவும் வளர்வது விதையால். இராமானுசரும் வினை என்ற விடையையே ஏற்கிறார். சரி, முதல் வினை எப்படி வந்தது? அதற்கு முதல் கிடையாது, தொடர் அநாதி என்பது அடுத்த சூத்திரத்தின் பதில்.

இந்த ‘அநாதி’யில்தான் சித்தாந்தம் தன் விலையைக் கொடுக்கிறது. ‘பதிபசு பாசம் எனப்பகர் மூன்றிற் பதியினைப் போற்பசு பாசம் அனாதி’ என்பது திருமந்திரம். இறைவனைப் போலவே உயிரும் கட்டும் தொடக்கம் இல்லாதவை. எனவே அவன் ஒன்றுமில்லாததிலிருந்து உலகை உண்டாக்குவதில்லை. குடம் உண்டாக மண் முதற்காரணம், தண்டும் திரிகையும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். அப்படியே மாயை, சத்தி, சிவன். ‘மண் இல்லாமல் குடம் செய்ய முடியாதா?’ என்று கேட்டால், இல்லது தோன்றாது என்பார்கள் சித்தாந்திகள். உயிரின் அறிவை மறைக்கும் கட்டான ஆணவத்தின் கதையும் அப்படித்தான். செம்பில் களிம்புபோல அது உயிரோடு என்றும் இருப்பது. அழியாது, அதன் சத்தி மட்டும் அடங்கும். கண்ணில் புரை இருக்கிறது என்று அறிந்துகொள்வதால் புரை போகாது, எடுக்க ஒரு கை வேண்டும் என்று ஆகம மரபு வாதிடுவது இதனால்தான். இறைவனின் ஆற்றல் இங்கே அந்தக் கை. இதை ஆற்றல் குறைவு என்று சொல்பவர்களோடு எங்களுக்குச் சண்டையில்லை. ஆனால் தீமையை இறைவன் உண்டாக்கினான் என்று சொல்ல வேண்டிய கட்டாயத்திலிருந்து சைவம் தப்பியது இந்த விலையால்தான்.

நடைமுறைக்கு ஒன்று. கொடிமாடச் செங்குன்றூர் என்ற நம் திருச்செங்கோட்டில், அடியார்களைக் காய்ச்சல் வாட்டியபோது சம்பந்தர் பாடியது திருநீலகண்டப் பதிகம். ‘அவ்வினைக்கு இவ்வினை யாமென்று சொல்லும் அஃதறிவீர், உய்வினை நாடாது இருப்பதும் உந்தமக்கு ஊனமன்றே’. அந்த வினைக்கு இந்த வினை என்று பேசத் தெரிந்தவர்களே, தப்பும் வழி தேடாமல் உட்கார்ந்திருப்பது உங்களுக்குத்தான் குறை. அடுத்த சொல் ‘கைவினை செய்து’. அடுத்த பாட்டு ‘காவினை இட்டும் குளம்பல தொட்டும்’: சோலை வைத்து, குளம் வெட்டி. வினைக் கொள்கையைச் சோம்பலுக்குச் சாக்காக எடுப்பவருக்கு இந்த இரண்டு பாட்டையும் படித்துக் காட்டுங்கள். முதல் திருமுறை, 116ஆவது பதிகம்.

அவிநாசி வாசகி: நடந்ததை நடக்காததாக ஆக்கக் கடவுளால் முடியுமா? எங்கள் ஊரில் முதலை விழுங்கிய பிள்ளையே திரும்பி வந்ததே!

மேற்கில் இதற்குப் பெரும்பாலோர் ‘முடியாது’ என்றார்கள். செய்து முடிந்ததைச் செய்யாததாக்குவது ஒன்றுதான் கடவுளுக்கும் இல்லாத ஆற்றல் என்ற அகத்தோன் என்னும் நாடகக் கவியின் வரியை அரிஸ்டாட்டில் எடுத்தாள்கிறார். அக்குவினாஸும் அதே கட்சி, ஏனென்றால் நடந்தது நடக்கவில்லை என்பது முரண். 11ஆம் நூற்றாண்டின் கிறித்தவத் துறவி பீட்டர் டேமியன் மட்டும் கடவுளின் ஆற்றலைக் காலத்தால் வேலி கட்டக்கூடாது என்று நீண்ட கடிதமே எழுதினார்.

உங்கள் ஊர்க் கதையைக் கவனமாகப் படித்தால், அது டேமியன் பக்கம் நிற்கவில்லை. ‘கரைக்கால் முதலையைப் பிள்ளை தரச்சொல்லு காலனையே’ என்று சுந்தரர் கேட்கிறார். ஏழாம் திருமுறை, 92ஆவது பதிகம், நான்காம் பாட்டு. முதலை பிள்ளையைக் கரையில் கொண்டுவந்து உமிழ்கிறது. பெரிய புராணம் இதைச் சொல்லும்போது, இடையில் போன ஆண்டுகளின் வளர்ச்சியையும் சேர்த்தே பிள்ளை வந்ததாகச் சொல்கிறது. விழுங்கப்பட்ட நாளில் இருந்த ஐந்து வயதுக் குழந்தையாக அவன் திரும்பவில்லை. முதலை விழுங்கியது நடந்ததுதான், பெற்றவர்கள் அழுத ஆண்டுகளும் நடந்தவைதான். இறைவன் அவற்றைத் துடைக்கவில்லை. போன உயிரையும் அது வளர்ந்திருக்க வேண்டிய வளர்ச்சியையும் கொடுத்தான். சேக்கிழார் அந்த ஒரு நுணுக்கத்தைச் சேர்த்ததால்தான் இந்த அற்புதத்தில் தருக்கம் உடையாமல் நிற்கிறது.

ஈரோடு வாசகர்: நல்லவர், வல்லவர் என்றால் துன்பம் ஏன்? பெரியார் பிறந்த ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்காமல் இருக்க முடியாது.

கேட்கத்தான் வேண்டும். கிரேக்கத் தத்துவவாதி எபிக்கூரஸ் பெயரில் வழங்கும் பழைய வடிவம் இது: தீமையை நீக்க விரும்பியும் முடியவில்லையா, முடிந்தும் விருப்பமில்லையா? 1955இல் ஜே. எல். மேக்கி என்ற தத்துவவாதி இதை முரண்பாடாகவே எழுதிக் காட்டினார். கடவுள் வல்லவர், கடவுள் நல்லவர், தீமை உண்டு என்ற மூன்றும் ஒன்றாக நிற்காது என்றார். எந்தப் பதிலைக் கேட்டாலும் அது எந்தக் காலை எடுக்கிறது என்று பாருங்கள். தத்துவவாதி ஒயிட்ஹெட்டின் வழிவந்தவர்கள் வல்லமையைக் குறைக்கிறார்கள், அவர்களின் கடவுள் வற்புறுத்தமாட்டார், இசையவைப்பார். பிளாண்டிங்கா போன்ற கிறித்தவத் தத்துவவாதிகள், தானாக நல்லதைத் தேர்பவர்களை வற்புறுத்திப் படைப்பது முரண் என்று சொல்லி வல்லமையின் பொருளைத் திருத்துகிறார்கள். இதில் இடறும் இடம் வெள்ளமும் நோயும். அவை யாருடைய தேர்வும் அல்ல. சித்தாந்தம், ‘உயிரின் கட்டையும் கடவுளே படைத்தார்’ என்ற, வெளியே சொல்லப்படாத நான்காவது காலை எடுக்கிறது. சமணர் படைத்தவர் என்பதையே எடுக்கிறார்கள். பெரியார் கடவுளையே எடுத்துவிட்டார். தருக்கப்படி பார்த்தால் அதுவும் முழுமையான விடைதான், துன்பத்துக்குக் காரணத்தை மனிதர்களிடமும் இயற்கையிடமும் தேடச் சொல்வது. ‘பரந்து கெடுக உலகியற்றியான்’ என்று வள்ளுவர் சபித்ததும் இரந்து வாழும் நிலையைப் பார்த்துத்தான்.

பக்தர்கள் இதைக் கேட்டதில்லை என்று மட்டும் சொல்லிவிட வேண்டாம். திருமுருகன்பூண்டியில் வழிப்பறி வேடர்கள் குத்தி, துணியைப் பறித்துக்கொண்டு போகும் இடத்தைப் பாடிய சுந்தரர், பாட்டுக்குப் பாட்டு ‘எத்துக்கு இங்கு இருந்தீர் எம்பிரானீரே’ என்று முடிக்கிறார். ஏழாம் திருமுறை, 49ஆவது பதிகம். இதைத் தடுக்காமல் இங்கே எதற்கு இருக்கிறீர்? பறித்தவர்கள் சிவபூதங்கள் என்று புராணம் பிறகு சொல்லலாம். பதிகத்தில் அந்த ஆறுதல் கிடையாது, கேள்வி மட்டும்தான். இன்றும் அதைத் திருமுறை என்றே ஓதுகிறோம்.

இன்னொன்று. எழவு வீட்டில் இந்தப் பதில்கள் எதையும் எடுக்காதீர்கள். குழந்தையை இழந்தவரிடம் ‘முன்வினை’ என்பது கொள்கை விளக்கமாகப் போய்ச் சேராது, அவர்மேல் குற்றம் சுமத்துவதாகவே சேரும். கூட இருங்கள், சமைத்துக் கொடுங்கள்.

காங்கேயம் பக்கத்து வாசகி: சிவன்மலை முருகன் கோயிலின் உத்தரவுப் பெட்டியில் வைக்கும் பொருளைப் பார்த்து, வரப்போவது முன்பே முடிவாகிவிட்டது என்கிறார்கள். அப்படியென்றால் நாம் செய்ய என்ன இருக்கிறது?

முன்கூட்டி அறிவது வேறு, முடிவு செய்வது வேறு. ஒருவர் நடந்துபோவதை நீங்கள் பார்க்கலாம், ஆனால் நீங்கள் பார்ப்பதுதான் அவரை நடக்கவைக்கிறது என்று ஆகாது என்று பழைய ரோமானியத் தத்துவவாதி போயீத்தியுஸ் விளக்கினார். பெட்டி நடைமுறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. பக்தர் கனவில் வந்த பொருளைச் சொன்னதும் வைத்துவிடுவதில்லை, சாமி முன் பூப்போட்டுக் கேட்டு உத்தரவான பிறகே வைக்கிறார்கள். அடுத்த உத்தரவு வரும்வரை அது இருக்கும். நன்மைக்கா தீமைக்கா என்று பெட்டி சொல்வதில்லை. மஞ்சள் வைத்தால் விலை ஏறும் என்றும் இறங்கும் என்றும் இரண்டு பக்கமும் பேசுவது நாம்தான்.

சத்தியமங்கலம் வாசகர்: நூலக வாசகர் வட்டத்தில் ‘கடவுள் எல்லாம் வல்லவரா, இல்லையா?’ என்று பட்டிமன்றம் வைக்கலாமா? இரண்டு மணி நேரம் இருக்கிறது.

அந்தத் தலைப்பு வேண்டாம். பத்தாவது நிமிடத்தில் கடவுள் உண்டா இல்லையா என்று மாறி, பிறகு சத்தம்தான் மிஞ்சும். ‘ஆற்றலுக்கு எது எல்லை: முரணா, கடந்த காலமா, வினையா, பிறர் விருப்பமா?’ என்று வையுங்கள். முதல் 15 நிமிடத்தில் நடுவர் ‘வல்லவர்’ என்ற சொல்லுக்கு ஆள்பவர், தீராத ஆற்றல் உடையவர், முரணில்லாத எதையும் செய்பவர், முரணையும் செய்பவர் என்ற நான்கு பொருளையும் கரும்பலகையில் எழுதிவிட வேண்டும். பேசுகிறவர் தான் எந்தப் பொருளில் பேசுகிறார் என்று சொல்லிவிட்டுத் தொடங்கட்டும். ஆறு பேர், ஆளுக்கு 12 நிமிடம். மீதி அரை மணி அவையோர் கேள்விக்கு. மதத்துக்கு ஓர் ஆள் என்று பிரிக்காதீர்கள், பேசுபவர் தன் மதத்தின் வக்கீலாக மாறிவிடுவார்.

ஒரு விதி மட்டும் கண்டிப்பாக இருக்கட்டும். எதிர்க்கட்சியை அவரே ‘சரியாகச் சொன்னீர்கள்’ என்று ஒப்பும்படி சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும். இது நம் பழைய முறைதான். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், பரபக்கம் என்ற பகுதியில் 14 பிறர் கொள்கைகளை அவர்கள் வாயாலேயே பேசவிட்டு மறுத்த பிறகே, தன் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்துக்கு வருகிறது. முதல் பேச்சைக் கடவுள் மறுப்பாளருக்குக் கொடுங்கள். சித்தியாரும் கடவுளை மறுக்கும் உலகாயதனிடம்தான் தொடங்குகிறது.